முதல் துப்பாக்கி மருந்து டப்பாவை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: டெக்சாஸில் வசிக்கிறீர்கள், 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றும் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். பயிற்சிக்கும் உள்ளூர்ப் போட்டிக்குமாக மாதம் 400, 500 தோட்டாக்கள் செலவாகின்றன. வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று, தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ் வாங்கிவிட்டீர்கள். ஆனால் கடை அலமாரியில் வரிசையாக நிற்கும் மருந்து டப்பாக்களில் எதை எடுப்பது என்று புரியவில்லை. இரண்டு துப்பாக்கிக்கும் ஒரே மருந்து போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போதும். ஹாட்ஜ்டன் ஹெச்பி-38 அல்லது அலையன்ட் யூனிக், இவ்விரண்டில் எது கிடைக்கிறதோ அதை ஒரு பவுண்டு வாங்குங்கள் என்பதே என் பதில். ஏன் இவை, ஏன் இவற்றைவிடப் புகழ்பெற்ற வேறு சில வேண்டாம் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம் தேவைப்படுகிறது.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். தோட்டா என்று நான் சொல்வது முழுமையான ஒன்றை: பித்தளைக் கூடு, அதன் அடியில் அடிபட்டதும் பற்றி மருந்தைக் கொளுத்தும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. குண்டு என்றால் குழலைவிட்டுப் பறந்து போகும் ஈயப் பகுதி மட்டும். மருந்தின் எடையும் குண்டின் எடையும் கிரெயின் கணக்கில் அளக்கப்படுகின்றன. 7000 கிரெயின் ஒரு பவுண்டு, ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். எந்தக் குண்டுக்கு எத்தனை கிரெயின் மருந்து என்று இந்தப் பதிலில் எங்கும் எழுதப்போவதில்லை. அந்த எண்ணை மருந்து நிறுவனமோ குண்டு நிறுவனமோ சோதனைக் குழலில் அழுத்தம் அளந்து வெளியிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்; முகம் தெரியாத என்னைப் போன்றவர் சொல்லும் எண்ணை நம்பி யாரும் கூட்டை நிரப்பக் கூடாது.

மருந்துக்குப் போகும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு பத்தி, ஏனென்றால் நம்மவர்கள் பலர் இதில் அறியாமல் சிக்கக்கூடும். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி, விற்பனைக்காக அன்றித் தன் சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வதற்கு உரிமம் தேவையில்லை. ஆனால் அதே சட்டம் ‘தோட்டா’ என்ற சொல்லுக்குத் தரும் வரையறைக்குள் வெற்றுக் கூடு, பிரைமர், குண்டு, துப்பாக்கி மருந்து ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியாக அடங்கும். ஹெச்-1பி போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற விலக்கு ஏதும் இல்லாத நிலையில், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஆகவே ஒரு டப்பா மருந்து வைத்திருப்பதும் அதே குற்றம்தான். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன. டெக்சாஸில் எளிதாக நடப்பது மாசசூசெட்ஸில் உரிமம் கேட்கும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி தோட்டா தயாரிப்பதற்குத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமம் கையில் இருப்பதாலேயே ஊரில் யாரும் இதைச் செய்துவிட முடியாது. ஊரிலிருக்கும் உறவினருக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் எண்ணம் இருந்தால் கைவிட்டுவிடுங்கள்.

இனி மருந்து. நம் ஊர்ப் பேச்சில் மருந்து என்றால் பெரும்பாலும் கருமருந்து: வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றும் சேர்ந்தது, நாட்டுத் துப்பாக்கியில் வாய் வழியாகக் கொட்டிக் கிட்டிப்பது. இன்றைய தோட்டாவுக்குள் இருப்பது முற்றிலும் வேறு பொருள். 1884இல் பிரான்சில் போல் வியெய் நைட்ரோசெல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு புகையில்லா மருந்தை உருவாக்கினார். சில ஆண்டுகளில் ஆல்ஃபிரட் நோபெல் அதில் நைட்ரோகிளிசரினையும் சேர்த்தார். 1889இல் பிரிட்டனில் கார்டைட் பிறந்தது. நீலகிரி அருவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது அந்தக் கார்டைட்தான். நைட்ரோசெல்லுலோஸ் மட்டும் உள்ளதை ஒற்றை அடிப்படை மருந்து என்றும், நைட்ரோகிளிசரினும் சேர்ந்ததை இரட்டை அடிப்படை மருந்து என்றும் சொல்கிறார்கள். கைத்துப்பாக்கி மருந்துகளில் பெரும்பாலானவை இரட்டை அடிப்படை. கருமருந்துக்கு மாற்றாக இவற்றைப் பயன்படுத்துவது குழலை வெடிக்க வைக்கும் வேலை. புகையில்லா மருந்தைக் கருமருந்துத் துப்பாக்கியில் அளந்து ஊற்றியவர்கள் விரல்களை இழந்திருக்கிறார்கள். பட்டாசு மருந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை; அது இந்தப் பேச்சுக்குள் வரவே கூடாத பொருள்.

மருந்துகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது எரிவேகம். அடுப்பெரித்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். பனையோலை குப்பென்று பற்றிக்கொண்டு அடங்கிவிடும். சுள்ளி சற்று நேரம் எரியும். கட்டை விறகு நிதானமாகப் பிடித்து நெடுநேரம் சூடு தரும். புல்ஸ்ஐ, டைட்குரூப் போன்றவை ஓலை இனம். ஹெச்பி-38, யூனிக், அக்யூரேட் நம்பர் 5, பவர் பிஸ்டல் ஆகியவை சுள்ளி இனம். ஹெச்110, 2400 போன்றவை கட்டை விறகு. ஆனால் அடுப்புக்கும் தோட்டாவுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. தோட்டாவுக்குள் அழுத்தம் கூடக் கூட மருந்து எரியும் வேகமும் கூடுகிறது; அந்த வேகம் மீண்டும் அழுத்தத்தைக் கூட்டுகிறது. அதனால்தான் மருந்தின் அளவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் அழுத்தமும் பத்தில் ஒரு பங்குதான் கூடும் என்று கணக்குப் போடக் கூடாது. வேகமான மருந்தில் இந்த ஏற்றம் இன்னும் செங்குத்தானது. உச்ச வரம்பை நெருங்கிய இடத்தில் ஒரு கிரெயினின் சில பத்தில் ஒரு பங்குகளே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

ஓலை இனத்தில் குறைந்த மருந்தே போதும். மெதுவான குண்டுக்கு அது சிக்கனமாகவும் சீராகவும் எரியும். கட்டை விறகு இனத்தைக் குட்டைக் குழலுள்ள 9 மி.மீ. துப்பாக்கியில் போட்டால், குண்டு வெளியேறிய பிறகும் மருந்து எரிந்துகொண்டிருக்கும். வாயில் பெருந்தீ, காதைப் பிளக்கும் ஓசை, எரியாத துகள்கள் எங்கும் சிதறல். ஹெச்110 போன்றவற்றைக் கையேட்டு அளவிலிருந்து சற்று அதிகமாகக் குறைத்துவிட்டாலும் ஆபத்து, குண்டு குழலிலேயே சிக்கிக்கொள்ளும், அது .357 மேக்னம், .44 மேக்னம் வைத்திருப்பவர்களுக்கான மருந்து, உங்களுக்கு வேண்டாம். சுள்ளி போன்ற நடுத்தர இனம் உங்கள் இரண்டு துப்பாக்கிக்கும் பொருந்துவதற்குக் காரணம் அந்த இரண்டு தோட்டாக்களின் பிறப்பிலேயே இருக்கிறது.

.38 ஸ்பெஷல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில், கருமருந்துக்கு ஏற்ற பெரிய கூட்டோடு பிறந்தது. கருமருந்து இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள். கூடு நிறையப் போட்டால்தான் வேலை நடக்கும். புகையில்லா மருந்து வந்தபோது தேவையான அளவு கூட்டின் கால் பாகத்துக்குச் சுருங்கிவிட்டது. கூடு மட்டும் அதே நீளத்தில் நின்றுவிட்டது. 9 மி.மீ. லூகர் 1902 வாக்கில் புகையில்லா மருந்துக்காகவே பிறந்தது. ஆகவே சின்னஞ்சிறு கூடு, உயர்ந்த அழுத்தம். அமெரிக்கத் தரநிலைப்படி 9 மி.மீ. தோட்டாவுக்கு உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு; .38 ஸ்பெஷலுக்கு 17,000 மட்டுமே. ஒன்றில் இடம் குறைவு, அழுத்தம் அதிகம். மற்றொன்றில் இடம் அதிகம், அழுத்தம் பாதி. இந்த இரு எல்லைகளுக்கும் நடுவில் நின்று இரண்டிலும் முறையாக எரியக்கூடியது நடுத்தர மருந்துதான். பெரிய கூட்டுக்குள் சிறிதளவு மருந்து கிடக்கும்போது இன்னொரு சிக்கலும் எழுகிறது. துப்பாக்கியைக் கீழ்நோக்கி வைத்திருந்து உயர்த்தினால் மருந்து குண்டின் பக்கம் கிடக்கும். மேல்நோக்கி வைத்திருந்து இறக்கினால் பிரைமரின் பக்கம் குவியும். இதனால் பற்றும் விதம் மாறி, குண்டின் வேகம் நொடிக்குப் பல பத்து அடி மாறுபடுவதை, வேகம் அளக்கும் கருவியான குரோனோகிராஃபில் பார்க்கலாம். டைட்குரூப் இந்த மாறுபாட்டைக் குறைப்பதற்கென்றே உருவாக்கப்பட்டது. அதில் அது சிறப்பாகவே செயல்படுகிறது.

அப்படியானால் டைட்குரூப்பையே வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். மலிவு, எங்கும் கிடைப்பது, கொஞ்சம் போட்டால் போதும். அந்தக் கொஞ்சத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. அடர்த்தியான, வேகமான மருந்தின் ஓர் அளவு 9 மி.மீ. கூட்டில் பாதிக்கும் கீழேயே அடங்கிவிடுகிறது. தவறுதலாக இரண்டாம் முறையும் அளவைக் கருவியின் கைப்பிடியை இழுத்தால் அந்த இரட்டை அளவும் கூட்டுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். மேலே குண்டை வைத்து அழுத்தினால் வெளித்தோற்றத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. யூனிக் இதற்கு நேர்மாறு. பஞ்சு போல இடத்தை அடைக்கும் செதில் மருந்து, 9 மி.மீ. கூட்டில் வழக்கமான அளவை இரண்டு முறை போட்டால் வாய் வழியே வழிந்து மேசையில் கொட்டும். ஹெச்பி-38 வழியாது, ஆனால் இரட்டை அளவு கூட்டின் வாய்வரை ஏறி நிற்பதால் கண்ணுள்ள யாருக்கும் தெரிந்துவிடும். புதிதாகத் தொடங்குபவர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேகம், விலை, துல்லியம் ஆகியவற்றுக்கு முன்னால் இதைத்தான் நான் வைப்பேன்: நான் தவறினால் இந்த மருந்து என்னைக் காட்டிக்கொடுக்குமா?

இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை. தொடக்க காலத்தில், 50 கூடுகளை மரத்தட்டில் நிறுத்தி ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டிருந்தபோது கைபேசி ஒலித்தது. ஊரிலிருந்து அழைப்பு, எழுந்து போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்தேன். எந்த வரிசையில் நிறுத்தினேன் என்பது நினைவில் இல்லை. டார்ச் அடித்து ஒவ்வொரு கூடாகப் பார்த்தேன். அப்போது பயன்படுத்தியது அடர்த்தியான வேகமான மருந்து; இருண்ட கூட்டின் அடியில் கிடந்த கருஞ்சாம்பல் துகள் ஓர் அளவா, இரண்டு அளவா என்று கண்ணால் உறுதிசெய்ய முடியவில்லை. ஐம்பதையும் திருப்பிக் கொட்டினேன். மருந்தின் மேல் தவறில்லை, என் மேல்தான். ஆனால் மனிதன் கைபேசியை எடுக்காமல் இருக்கப்போவதில்லை என்பதால், மறுவாரமே பருமனான மருந்துக்கு மாறினேன். அதன் பிறகு மேசைக்குக் கைபேசி வருவதும் இல்லை.

.38 ஸ்பெஷலில் இந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரிய கூட்டில் யூனிக்கின் இரட்டை அளவுகூட வழியாமல் அடங்கிவிடும். பழைய பெருங்கூடுகளுக்கென்றே டிரெயில் பாஸ் என்ற வளைய வடிவப் பருமனான மருந்து ஒன்று வந்தது. ஆனால் அண்மைக் காலத்தில் அதைக் கடைகளில் காண்பதே அரிது. ஆகவே ரிவால்வர் தோட்டாவை நிரப்பும்போது, நிரப்பிய கூடுகளை நல்ல வெளிச்சத்தில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் உள்ளேயும் பார்த்த பிறகே குண்டு வைக்க வேண்டும். வேறு வழியில்லை. இப்படிப் பார்ப்பதால் மருந்தே விழாமல் போன கூடும் அகப்படும். மருந்தில்லாத தோட்டாவில் பிரைமரின் உதை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். ஓசை ‘டொப்’ என்று மெலிதாகக் கேட்கும். அந்த ஓசை கேட்டால் அடுத்த தோட்டாவைச் சுடாமல் நிறுத்தி, துப்பாக்கியைக் காலியாக்கிக் குழலைப் பார்க்க வேண்டும். அடைபட்ட குழலில் அடுத்த குண்டு போனால் குழல் பிளந்துவிடும்.

ஹெச்பி-38, யூனிக் இரண்டையும் ஒப்பிட்டால், யூனிக் பழையது. 1900இல் இருந்து விற்பனையில் இருக்கிறது. அதன் உறவான புல்ஸ்ஐ 1898இல் வந்தது. நூறாண்டுக்கு மேலாக ஒரு மருந்து அலமாரியில் நிற்கிறது என்றால், அதற்குக் கையேடுகளில் தரவு ஏராளமாக இருக்கும் என்பது முதல் நன்மை. யூனிக்கின் குறை அதன் செதில்கள். அளவைக் கருவியின் குழியில் செதில்கள் ஒருமுறை நெருங்கியும் ஒருமுறை தளர்ந்தும் விழுவதால் எடை பத்தில் ஒன்றிரண்டு கிரெயின் முன்னே பின்னே போகும். பயிற்சித் தோட்டாவுக்கு அது பெரிதல்ல; உச்ச அளவுக்கு அருகில் நிரப்புபவருக்குப் பெரிது. ஹெச்பி-38 உருண்டைகளைத் தட்டையாக்கிய வடிவில் இருப்பதால் நீர் போல ஓடி விழும். ஆயிரம் முறை இழுத்தாலும் எடை அசையாது. பிரஸ்ஸோடு வந்த அளவைக் கருவி மலிவானது என்றால் எனக்கு ஹெச்பி-38 பக்கம்தான் மனம் சாயும்.

பின்லாந்தின் விட்டவோரி என்320ஐப் பற்றி உங்கள் போட்டி நண்பர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அது நல்ல மருந்து என்பதில் ஐயமில்லை. சுத்தமாக எரிகிறது, உதை மென்மை, எடை சீராக விழுகிறது. விலையும் அதற்கேற்ப. 400 தோட்டா சுடும் தொடக்கநிலையில் உங்கள் மதிப்பெண்ணை அது மாற்றிவிடாது. இரண்டாம் ஆண்டில் வாங்கிப் பாருங்கள். சிஎஃப்இ பிஸ்டலும் அக்யூரேட் நம்பர் 5உம் 9 மி.மீ.க்கு ஏற்றவைதான், முதலிரண்டும் கிடைக்காதபோது. தாமிரம் போர்த்தாத வெறும் ஈயக் குண்டையோ பாலிமர் பூச்சுள்ள குண்டையோ பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால், சூடாக எரியும் டைட்குரூப் அதிகம் புகைவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உள்ளரங்கில் அந்தப் புகை அடுத்த இலக்கையே மறைக்கும்.

பெயர்களில் விழிப்பாக இருக்க வேண்டும். ஹாட்ஜ்டன் ஹெச்பி-38உம் வின்செஸ்டர் 231உம் ஒரே மருந்து, இரண்டு டப்பா. ஒன்று தீர்ந்தால் மற்றதை வாங்கலாம். ஹெச்110க்கும் வின்செஸ்டர் 296க்கும் அதே உறவு. ஆனால் பெயர் ஒத்திருப்பதாலேயே மருந்தும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. கிளேஸ், இன்டர்நேஷனல் கிளேஸ், யுனிவர்சல் கிளேஸ் என்று மூன்று மருந்துகள் விற்றன. மூன்றுக்கும் எரிவேகம் வேறு. ஹெச்4895உம் ஐஎம்ஆர் 4895உம் எண்ணால் இரட்டையர், குணத்தால் வெவ்வேறு. எரிவேக அட்டவணை ஒன்றைப் பார்த்து, அடுத்தடுத்த வரியில் இருப்பதால் ஒன்றின் அளவை மற்றதற்குப் போடலாம் என்று முடிவு செய்வது இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பழைய தவறு. அந்த அட்டவணை வரிசையை மட்டுமே காட்டும். இரு வரிகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று காட்டாது. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதே எழுத்து, அதே எண் கையேட்டிலும் இருக்க வேண்டும்.

போட்டிக்கு வருகிறேன். யுஎஸ்பிஎஸ்ஏ எனும் அமெரிக்கச் சுடுதல் சங்கத்தின் போட்டியில், விசை குறைந்த மைனர் பிரிவுக்குக் குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 125க்குக் குறையக் கூடாது. 124 கிரெயின் குண்டு 1050 அடி வேகத்தில் போனால் 130.2 வரும், 147 கிரெயின் குண்டுக்கு 900 அடியே 132.3 தந்துவிடும். எண் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கனமான குண்டை மெதுவாகத் தள்ளுவதற்கு மருந்து குறைவாகப் போதும், வெளியேறும் வாயுவும் குறையும், உதை மெத்தென்று இருக்கும். உதையில் குண்டின் பங்கைப் போலவே, குண்டைத் தொடர்ந்து அதைவிட வேகமாகக் குழலைவிட்டுப் பீறிடும் வாயுவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதே இதன் காரணம். போட்டிக்காரர்கள் வேகமான மருந்தையும் கனமான குண்டையும் விரும்புவது இதனால்தான். விளிம்பில் நிற்காமல் 130ஐத் தாண்டி நில்லுங்கள். குளிர்காலக் காலையில் வேகம் சற்று இறங்கலாம், போட்டி நடத்துபவரின் குரோனோகிராஃபும் உங்களுடையதும் ஒரே எண்ணைச் சொல்லும் என்ற உறுதியில்லை.

கையேட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். தொடக்க அளவில் பத்துத் தோட்டா நிரப்பிச் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி தடையின்றி இயங்கி, தேவையான வேகமும் வந்துவிட்டால் அதற்கு மேல் போக எந்த அவசியமும் இல்லை. நான் உச்ச அளவில் நிரப்பிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அழுத்தம் மிகுந்தால் பிரைமர் தட்டையாகும், அதைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கைத்துப்பாக்கியில் அந்த அடையாளம் தெரியும்போது ஏற்கெனவே வரம்பு கடந்திருக்கும். .38 ஸ்பெஷலின் 17,000 பவுண்டு வரம்பை இரு மடங்கு மீறினாலும் பிரைமர் வாய் திறக்காமல் இருக்கலாம். தோட்டாவின் மொத்த நீளமும் இதே அளவு முக்கியம். 9 மி.மீ.யில் குண்டு கூட்டுக்குள் சிறிது ஆழமாக இறங்கினாலே உள்ளிருக்கும் இடம் சுருங்கி அழுத்தம் துள்ளி ஏறும். அதனால் நிரப்பிய தோட்டாவைக் கட்டைவிரலால் மேசை விளிம்பில் அழுத்திப் பார்த்து, குண்டு பின்வாங்கவில்லை என்று உறுதிசெய்யும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தோட்டாவைத் தினமும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

தராசைப் பற்றி ஒன்று. மலிவான மின்னணுத் தராசு, அருகில் கைபேசி இருந்தாலும் விசிறிக் காற்று பட்டாலும் மெல்ல நகரும். நகர்ந்தது உங்களுக்குத் தெரியாது. பிரஸ்ஸுக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பகுதியைச் சோதனை எடைக்கற்களுக்குக் கொடுங்கள். தொடக்கத்தில் ஒவ்வொரு பத்தாவது அளவையும் எடை பாருங்கள்.

விலைக் கணக்கு உங்களுக்கு ஆறுதல் தரும். ஓர் உதாரணத்துக்கு ஒரு தோட்டாவுக்கு 5 கிரெயின் செலவாகிறது என்று வைத்தால், ஒரு பவுண்டில் 1400 தோட்டா. 4 கிரெயின் என்றால் 1750. மாதம் 500 சுடும் உங்களுக்கு ஒரு டப்பா மூன்று மாதம் வரும். சிக்கனமான மருந்து தோட்டாவுக்கு மிச்சப்படுத்துவது சில்லறைக் காசு மட்டுமே. செலவின் பெரும்பகுதி குண்டிலும் பிரைமரிலும் போகிறது. ஆகவே மருந்தின் விலை காரணமாக டைட்குரூப் பக்கம் போக வேண்டாம் என்று மீண்டும் சொல்கிறேன். கூரியரில் வரவழைத்தால் ஆபத்தான சரக்குக்கான தனிக் கட்டணம் ஒவ்வொரு பொதிக்கும் விழும். ஒரு டப்பாவுக்காக அதைக் கட்டுவது வீண். முதல் பவுண்டை உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். பிடித்திருந்தால் பிறகு எட்டுப் பவுண்டுக் குடத்தையும் பிரைமரையும் சேர்த்து ஒரே பொதியாக வரவழைக்கலாம்.

வீட்டில் வைப்பதற்கு, அது வந்த டப்பாவைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை. அந்தப் பிளாஸ்டிக் டப்பா தீப்பிடித்தால் அழுத்தம் சேராமல் பிளந்துகொள்ளும்படி செய்யப்பட்டது. இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினால் அதையே வெடிகுண்டாக மாற்றுகிறீர்கள். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் விதிகள் குடியிருப்பில் 20 பவுண்டு வரை அசல் டப்பாவிலேயே வைக்க இடம் தருகின்றன. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டும். உள்ளூர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். டெக்சாஸ் கோடையில் கராஜ் அடுப்பாகிவிடும். மருந்தை வீட்டினுள் குளிர்ந்த, உலர்ந்த அலமாரியில் வையுங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா மட்டும் இருக்கட்டும். வேலை முடிந்ததும் அளவைக் கருவியின் குடுவையில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் திருப்பிக் கொட்டிவிடுங்கள். இரட்டை அடிப்படை மருந்து சில குடுவைகளின் பிளாஸ்டிக்கையே அரித்து மங்கச்செய்யும், அதைவிட முக்கியமாக, மறுவாரம் குடுவையில் கிடப்பது எந்த மருந்து என்று உங்களுக்கே ஐயம் வந்துவிடும். பெயர் தெரியாத மருந்தை, பார்ப்பதற்கு யூனிக் மாதிரியே இருக்கிறது என்று யார் சொன்னாலும், பயன்படுத்தக் கூடாது.

முறையாக வைத்த மருந்து பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். கெட்டுப்போனதற்கு அறிகுறி மூக்கில் தெரியும்: நல்ல மருந்தின் ஈதர் போன்ற மெல்லிய மணம் போய், புளித்த அமில நெடி வரும், டப்பாவைத் திறந்தால் செம்பழுப்பு நிறத் தூசியோ புகையோ எழும். அப்படிப்பட்டதை வீட்டில் ஒரு நாளும் வைத்திருக்க வேண்டாம். சிறிதளவு என்றால் புல்வெளியில் மெல்லியதாகத் தூவிவிடலாம். அதிலுள்ள நைட்ரஜன் மெல்ல மண்ணில் சேரும். டப்பாவே நிறைய இருந்தால் தீயணைப்பு நிலையத்தை அழைத்துக் கேளுங்கள். குப்பைத் தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.